அருளால் வென்ற வேதசாட்சி: புனித தேவசகாயம்



காப்பியும் மிளகும் விளையும் இந்தச் சேர்வராயன் மலையிலே, ஒரு வருஷ மகசூல் பொய்த்தால் குடும்பம் என்ன பாடுபடும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தகைய நஷ்டத்தின் வழியாகவே ஆண்டவரைக் கண்டடைந்தவர் புனித தேவசகாயம்.

அவர் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. உயர்குலத்தவரான நீலகண்டன் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தார். மனைவி பார்கவி அம்மாள்.

வசதியாக வாழ்ந்த அக்குடும்பத்துக்குச் சோதனை வந்தது. கால்நடைகள் மாண்டன, பயிர்கள் அழிந்தன. மனமுடைந்த அவருக்கு ஆறுதலாக வந்தவர் டிலனாய் என்னும் கத்தோலிக்கத் தளபதி. 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளித்தவர் அவர். யோபுவின் வரலாற்றை அவர் எடுத்துச் சொல்லச் சொல்ல, நீலகண்டனின் உள்ளத்தில் விசுவாசம் துளிர்த்தது.

1745 மே 14-இல் வடக்கன்குளத்தில், சேசு சபைக் குரு புத்தாரி சுவாமிகளிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். அவர் மனைவியும் ஞானப்பூ என்ற பெயருடன் திருமறையில் சேர்ந்தார்.

கடவுளோடு ஒப்புரவானவர் மனிதரைப் பிரித்துப் பார்க்கவில்லை. சாதி வேற்றுமை பாராமல் எளியோருடன் கலந்து பழகினார். எதிர்ப்பு மூண்டது. 1749 பிப்ரவரி 23-இல் கைது செய்யப்பட்டார். எருமை மாட்டின்மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தினார்கள். சாட்டையால் அடித்து, காயங்களில் மிளகுப்பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். அங்கும் மக்கள் அவரை நாடி வந்தார்கள். மூன்று ஆண்டு வேதனையிலும் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை.

1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளைச் சேகரித்த கிறிஸ்தவர்கள், கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15-இல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இவரே.

ஒன்றைக் கவனியுங்கள். யோபு இழந்தவற்றை இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றார். தேவசகாயத்துக்கோ, இழந்த செல்வம் திரும்பவில்லை, இருந்த பதவியும் போயிற்று, உயிரும் போயிற்று. ஆயினும் அவர் ஆண்டவரோடு கணக்குப் பார்க்கவில்லை. அருள் என்பது நம் செபத்துக்குக் கிடைக்கும் கூலி அல்ல. இலவசமாய் வரும் கொடை. விசுவாசம் அதை ஏந்திக்கொள்ளும் கை.

ஒண்டிக்கடைத் தெருவிலும் தோட்டத்து வீடுகளிலும் பேச்சுவார்த்தை அற்றுப்போன சொந்தங்கள் இருக்கலாம். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து ஆண்டவரோடு ஒப்புரவாவோம். அப்படியே அந்த அயலார் வீட்டு வாசலையும் மிதிப்போம்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!