இராபர்ட் மெக்காரிசன்

நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், வெறிநாய்க் கடிக்கு மருந்து செய்வதற்கென ஏற்பட்டது பாஸ்டர் நிலையம். 1918ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் ஓர் அறையில் உணவைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிற்று. தொடங்கியவர் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர்.

அவர் 1878இல் அயர்லாந்தில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று, 1901இல் இந்நாட்டிற்கு வந்தார். வடமேற்கு மலைகளிடையே உள்ள கில்கித்தில் பணியாற்றுகையில், அங்குள்ளார் பலருக்குக் கழுத்தில் கழலை இருக்கக் கண்டார். அவர்கள் குடித்த நீரின்மேல் அவருக்கு ஐயம் எழுந்தது. அந்நீரின் கசட்டைத் தாமும் பருகி, இசைந்த சிலரையும் பருகச் செய்தார். பருகியோருட் சிலருக்குக் கழுத்து வீங்கிற்று; காய்ச்சிய கசட்டைப் பருகியோர்க்கு வீங்கவில்லை. ஆகவே, குடலில் தங்கும் கிருமிகளே நோய்க்குக் காரணம் எனத் துணிந்தார். அத்துணிபு முற்றும் சரியன்று. அயோடின் குறைவே தலையாய காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும், நோயின் வேரைக் குடலில் தேடும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. குன்னூரில் அப்பழக்கமே பயன் தந்தது.

அங்கே அவர் குரங்குகளை இரு கூட்டமாகப் பிரித்தார். ஒன்றிற்கு நல்லுணவு அளித்தார். மற்றொன்றிற்கு உயிர்ச்சத்து அழிந்த சோற்றை அளித்தார். குறையுணவு உண்டவை பசியிழந்தன; சீதபேதியால் வருந்தின. இறந்தபின் அறுத்து நோக்கியபோது, அவற்றின் குடற்சுவர் மெலிந்தும் புண்பட்டும் இருந்தது. அருகிலேயே வாழ்ந்த நல்லுணவுக் குரங்குகளுக்கோ அத்துன்பம் நேரவில்லை. உணவு குறைந்தால் குடல் கெடுகிறது. கெட்ட குடலில் கிருமிகள் எளிதிற் குடிபுகுகின்றன. வயிற்றுப்போக்கால் குழந்தை மெலிவதைத் தாய்மார் அனைவரும் அறிவர். மெலிந்த குழந்தையையே வயிற்றுப்போக்கு எளிதிற் பற்றும் என்பதை அந்நாளில் எண்ணியோர் சிலரே. இம்முடிவுகளை 1921இல் அவர் நூலாக வெளியிட்டார்.

இரண்டே ஆண்டுகளில், சிக்கனம் கருதி அரசு அவ்வாராய்ச்சியை நிறுத்திவிட்டது. எலிக்கும் குரங்குக்கும் சோறிடுவது வீண்செலவாகத் தோன்றியது போலும்! 1925இல்தான் பணி மீண்டும் தொடங்கிற்று.

அதன்பின் அவர் செய்த எலிச் சோதனை புகழ் பெற்றது. ஒரே வளர்ப்பைச் சேர்ந்த எலிக்குஞ்சுகளைப் பல குழுக்களாக்கி, இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவிற்கும் அளித்தார். சீக்கியர் உண்ணும் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை ஆகியவற்றை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசிச் சோற்றையே பெரிதும் உண்ட சென்னை மாகாண உணவுக் குழு 155 கிராமோடு நின்றது. வடநாட்டார் உடல் வலிமைக்கு இனமே காரணம் என்று பேசிய காலம் அது. எலிகளுக்கு ஏது இனம்? வேறுபட்டது உணவு ஒன்றே.

அரிசியை அவர் பழித்தார் அல்லர், தீட்டுவதையே பழித்தார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நோய் மிகுந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பியதற்கு இதுவே காரணம்.

1928இல் அவ்வறை, உணவு ஆராய்ச்சி நிலையமாக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே பள்ளிகளுக்கென உணவைப் பற்றிய சிறு நூலொன்றையும் அவர் எழுதினார். 1935இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, 1960இல் மறைந்தார். அவருக்குப்பின் குன்னூரில் தலைமை ஏற்ற எயிக்ராய்டு என்பார், கிருஷ்ணன் என்பாருடன் சேர்ந்து, எலிகளிடம் கண்டதைப் பிள்ளைகளிடம் சோதித்தார். நாள்தோறும் கொழுப்பு நீக்கிய பால் பெற்ற பிள்ளைகள், பெறாத பிள்ளைகளைவிட உயரத்திலும் எடையிலும் மிகுதியாக வளர்ந்தனர்.