அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்



காங்கேயத்தில் வாழும் உங்களுக்கு நூலைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 20-ஆம் நம்பர் நூலைவிட 40-ஆம் நம்பர் நூல் மெல்லியது. எண் கூடினால் நூல் மெலியும். ஒரு மில்லின் 40 ஒரு மாதிரியும், மற்றொரு மில்லின் 40 வேறு மாதிரியும் இருந்தால் என்ன ஆகும்? துணி கெடும், வியாபாரத்தில் சண்டை வரும்.

வானத்து நட்சத்திரங்களையும் மனிதன் இப்படித்தான் நம்பர் போட்டு வைத்தான். மிகப் பிரகாசமானவை முதல் தரம். கண்ணுக்கு மங்கலாகத் தெரிபவை ஆறாம் தரம். இங்கும் எண் கூடினால் ஒளி மங்கும். கிரேக்கர் வகுத்த இந்தத் தரங்களை நம் முன்னோர்களில் ஒருவரான அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ அப்படியே ஏற்கவில்லை. தம் கண்ணால் மீண்டும் பார்த்துத் திருத்தி, கி.பி. 964-இல் நூலாக்கினார்.

ஆனாலும் குறை ஒன்று இருந்தது. ஒருவர் மூன்றாம் தரம் என்பதை மற்றவர் நான்காம் தரம் என்பார். அதற்குத் தீர்வு தந்தவர் நம் சென்னையிலேயே வாழ்ந்து மறைந்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அவர் பெயர் நார்மன் போக்சன். 1829-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். 1856-இல், ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றியபோது, அவர் ஒரு கணக்கை முன்வைத்தார். முதல் தர நட்சத்திரம் ஆறாம் தர நட்சத்திரத்தைவிட சரியாக 100 மடங்கு பிரகாசம். அப்படியானால் ஒவ்வொரு தரத்திற்கும் இடையே ஏறக்குறைய 2.512 மடங்கு. பழைய ஆறு தரங்களை அவர் தூக்கி எறியவில்லை. முன்னோர் உழைப்பு வீணாகாமல் அதற்கு ஒரே அளவைத் தந்தார். திருமறையில் பெயர் சொல்லப்படும் ஷிஃரா நட்சத்திரத்தின் எண் இன்று அதே அளவுகோலில் மைனஸ் 1.46. முதல் தரத்தையும் மிஞ்சிய ஒளி!

1861-இல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்தார். முப்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். அவரும் உதவியாளர்களும் 5,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்களை அளந்தார்கள்.

அளவுகோல் நிலையாக இருந்தால்தான் மாறுகின்ற ஒளி பிடிபடும். 1867-இல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை அங்கே கண்டறிந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அவர் போக்சனின் உதவியாளர், நம் நாட்டவர். அந்தக் கண்டுபிடிப்பு அவர் பெயரிலேயே பதிவானது. உழைத்தவருக்கு உரிய பெயர் போய்ச் சேருவதும் அமானிதம்தானே?

1891-இல் போக்சன் சென்னையிலேயே இறந்தார். அச்சேறாமல் எஞ்சிய தொகுதிகளை அவருக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித் வெளியிட்டார். மனிதர் போய்விட்டார். அளவு நின்றுவிட்டது. இன்றும் உலகெங்கும் நட்சத்திரங்களுக்கு அந்த அளவுதான்.

அன்பானவர்களே! யாருடைய கைக்கும் எட்டாத நட்சத்திரத்துக்கே ஒரு நீதமான அளவு தேவைப்பட்டது. அப்படியென்றால் நம் தராசுக்கு? பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லரின் டஜன் கணக்குக்கு? வாங்கும்போது ஓர் அளவு, கொடுக்கும்போது ஓர் அளவு என்று நம்மிடம் இரண்டு இருக்கிறதா? இன்று கடையைத் திறக்கும் முன் அதைப் பாருங்கள்.

அளவையிலும் நிறுவையிலும் நீதம் காப்பவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.