கத்தரிக்கோல் பிடித்த ஓவியர்

மார்கழிப் பனிக்காலத்தில் தெல்லிப்பழைப் பக்கத்து வீடுகளில் பழைய கலண்டர்களும் கலியாண அழைப்பிதழ்களும் சேர்ந்து கிடக்கும். அவற்றை வெட்டி ஒட்டித் தபாலட்டை செய்யும் மாணவியர் நம்மிடையே உண்டு. வீடெல்லாம் குப்பை என்று கடிந்துகொள்ளும் அம்மாமாரும் உண்டு. அத்தகைய கடதாசித் துண்டுகளால் தம் ஓவியத்தை மீட்டுக்கொண்ட ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை.

பினோத் பிஹாரி முகர்ஜி 1904ஆம் ஆண்டு கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண் தெரியாது. மற்றக் கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. வழக்கமான பள்ளிப்படிப்பு சரிவராததால் தாகூரின் சாந்திநிகேதனில் சேர்த்தார்கள். 1919இல் அங்கே கலாபவனம் தொடங்கியது. இந்தப் பிள்ளைக்கு ஓவியம் எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர் நந்தலால் போஸ் தயங்கினாராம். ஆர்வம் இருக்கும்வரை படிக்கட்டும் என்று தாகூர் இடம் கொடுத்தார் என்பர். நந்தலாலின் தயக்கத்தை நாம் குறைசொல்ல முடியாது. நாமும் அப்படித்தான் யோசித்திருப்போம்.

அந்தப் பிள்ளை பின்பு அங்கேயே ஆசிரியரானார். சத்யஜித் ராயும் கே.ஜி. சுப்ரமணியனும் அவரிடம் படித்தவர்கள். 1947இல் இந்தி பவனத்தின் சுவர்களில் கபீர் முதலான ஞானியரை வரைந்தார். கபீர் அதில் தறியோடு இருக்கும் நெசவாளர். சுவரளவு மாதிரி எதுவும் வரைந்து வைக்காமல், நேரே சுவரிலேயே வரைந்தார் என்பதுதான் வியப்பு. பின்னர் நேபாளத்திலும், ராஜஸ்தானில் பனஸ்தலி பெண்கள் வித்யாபீடத்திலும் பணிபுரிந்தார்.

1957 அளவில் கண்புரைச் சத்திரசிகிச்சை தவறி, இருந்த பார்வையும் போயிற்று. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மனைவி லீலாவும் ஓவியர். மகள் மிருணாளினி சிறுபிள்ளை.

1958இல் கலாபவனத்துக்குத் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். கையும் சும்மா இருக்கவில்லை. தூரிகையால் இழுத்த கோடு விரலுக்குத் தட்டுப்படாது. வெட்டிய கடதாசிக்கோ ஓரம் உண்டு. தடவினால் எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று தெரியும். நிறத்தாள்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். எந்த நிறத்துக்கு அருகில் எது நிற்கவேண்டும் என்பது அவர் நினைவில் இருந்தது. வெட்டி, தடவிப் பார்த்து, ஒட்டுவித்தார். மனிதர்களும் பொருள்களும் சில பெரிய துண்டுகளிலேயே உருவாயின. நோயால் படுக்கையில் கிடந்த பிரெஞ்சு ஓவியர் மத்தீசும் இறுதிக்காலத்தில் கத்தரிக்கோலைத்தான் பிடித்தார். ஆனால் அவருக்கு நிறம் கண்ணுக்குத் தெரிந்தது.

1972இல் கலாபவனச் சுவரொன்றில் ஓட்டுத் துண்டுகளாலான பெரிய சித்திரத்தையும் முகர்ஜி உருவாக்கினார். அதே ஆண்டு ராய் தம் ஆசிரியரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1974இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. 1980 நவம்பரில் காலமானார்.

கலாபவனத்தில் இன்றும் டிசெம்பர் முதல் இரு நாட்களும் நந்தன் மேளா நடக்கிறது. மாணவர்கள் தம் கையால் செய்த வாழ்த்தட்டைகளைப் பனிக்குளிரில் பரப்பிவைத்து விற்கிறார்கள். சேரும் பணம் உதவி தேவைப்படும் மாணவருக்குப் போகிறது.