இப்னு ருஷ்த் (கி.பி. 1126 – 1198)

1. அறிமுகம்

மத்திய கால இஸ்லாமிய உலகில் மெய்யியல், மார்க்கம், அரசியல் ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் வாழ்வில் ஒன்று சேர்ந்தமைக்கும் மோதிக்கொண்டமைக்கும் சிறந்த உதாரணம் இப்னு ருஷ்த் ஆவார். இவர் ஷரீஆச் சட்டப்படி தீர்ப்பு வழங்கிய காழி. கலீபாவின் அரசவை வைத்தியர். கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டிலின் நூல்களுக்கு உரை எழுதியவர். ஐரோப்பியர் இவரை அவரோஸ் என அழைத்தனர்.

பகுத்தறிவைக் கொண்டு ஆராய்வதும் இறைவேதத்தை நம்புவதும் ஒன்றுக்கொன்று பகையா? இவ்வினாவுக்கு விடை காண்பதிலேயே இவரது வாழ்வின் பெரும் பகுதி கழிந்தது. அவ்விடைக்காக முதுமையில் இவர் கொடுத்த விலையும் பெரிது.

2. பிறப்பும் கல்வியும்

இப்னு ருஷ்த் கி.பி. 1126இல் (ஹிஜ்ரி 520) இன்றைய ஸ்பெயின் நாட்டிலுள்ள குர்துபா நகரில் பிறந்தார். முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த அப்பிரதேசம் அந்தலூஸ் எனப்பட்டது. இவரது குடும்பம் மாலிக்கி மத்ஹபைச் சார்ந்த சட்ட அறிஞர் குடும்பமாகும். பாட்டனார் குர்துபாவின் தலைமைக் காழியாகவும் பெரிய பள்ளிவாசலின் இமாமாகவும் விளங்கியவர். பேரன் பிறந்த அதே ஆண்டில் அவர் காலமானார். தந்தையும் காழியாகக் கடமையாற்றினார். பாட்டனாருக்கும் இவருக்கும் ஒரே பெயர் வழங்கியதால், வேறுபடுத்திக் காட்டுவதற்காக இவரைப் பேரன் எனப் பொருள்படும் அல்ஹபீத் என்றும் குறிப்பிடுவர்.

இவர் ஹதீஸ், பிக்ஹ், அரபு மொழி ஆகியவற்றை முதலில் கற்றார். இமாம் மாலிக் அவர்களின் முவத்தா என்னும் நூலை மனனம் செய்தார். பின்னர் வைத்தியம், வானவியல், மெய்யியல் ஆகிய துறைகளில் ஈடுபட்டார். தந்தை இறந்த இரவும் தமது திருமண இரவும் தவிர வேறெந்த இரவிலும் இவர் வாசிப்பைக் கைவிட்டதில்லை என வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

3. அரசியல் பின்னணி

இவர் பிறந்தபோது அந்தலூஸும் மொரோக்கோவும் அல்முறாபிதூன்களின் ஆட்சியில் இருந்தன. கி.பி. 1147இல் அல்முவஹ்ஹிதூன்கள் தலைநகர் மராகிஷைக் கைப்பற்றினர். இப்னு தூமர்த் என்பவரின் போதனைகளை அடிப்படையாகக் கொண்டு எழுந்த இயக்கம் இது. வெளியே மார்க்க விடயங்களில் இறுக்கமான கொள்கை நிலவியது. அரண்மனைக்குள்ளோ சில கலீபாக்கள் மெய்யியல் அறிஞர்களை ஆதரித்தனர். இப்னு ருஷ்தின் உயர்வையும் வீழ்ச்சியையும் விளங்கிக்கொள்ள இந்த இரட்டை நிலையை மாணவர்கள் மனதிற்கொள்ள வேண்டும்.

4. கலீபாவுடனான சந்திப்பு

கி.பி. 1169 அளவில் அரசவை வைத்தியரும் மெய்யியலாளருமான இப்னு துபைல், இவரைக் கலீபா அபூ யஃகூப் யூசுபிடம் அழைத்துச் சென்றார். வானுலகம் ஆதி முதல் இருந்து வருகின்றதா, அல்லது ஒரு காலத்தில் படைக்கப்பட்டதா என்பது பற்றி மெய்யியலாளரின் கருத்து என்னவெனக் கலீபா வினவினார். இது ஆபத்தான வினா. தவறாக விடையளித்தால் மார்க்கத்துக்கு மாறானவர் என்ற பழி வரும். அச்சமடைந்த இப்னு ருஷ்த், தாம் மெய்யியல் கற்றதையே மறுத்துவிட்டார். அதன்பின் கலீபா தாமே இப்னு துபைலின் பக்கம் திரும்பி, பிளேட்டோ, அரிஸ்டோட்டில் ஆகியோரின் கருத்துகளையும் முஸ்லிம் அறிஞர்களின் மறுப்புகளையும் விரிவாகப் பேசத் தொடங்கினார். அச்சம் நீங்கிய இப்னு ருஷ்தும் பேச்சில் கலந்துகொண்டார். பரிசுகளுடன் திரும்பினார்.

அரிஸ்டோட்டிலின் நூல்கள் விளங்கக் கடினமாக இருப்பதாகக் கலீபா குறைப்பட்டதை இப்னு துபைல் பின்னர் எடுத்துக்கூறி, அவற்றைத் தெளிவுபடுத்தும் பணியை இவரிடம் ஒப்படைத்தார். இவரது உரைப் பணி முழு வேகம் பெற இதுவே காரணமாயிற்று.

வகித்த பதவிகள்:
• கி.பி. 1169 – இஷ்பீலியாவின் (செவில்) காழி
• கி.பி. 1171 – குர்துபாவின் காழி
• கி.பி. 1182 – இப்னு துபைலுக்குப் பின் அரசவை வைத்தியர். தொடர்ந்து குர்துபாவின் தலைமைக் காழி

5. முக்கிய நூல்கள்

(அ) பிதாயதுல் முஜ்தஹித் – சட்ட நூல். ஒவ்வொரு சட்டப் பிரச்சினையிலும் இமாம்கள் எவ்வாறு கருத்து வேறுபட்டனர் என்பதோடு, ஏன் வேறுபட்டனர் என்பதையும் விளக்குகின்றது. இஸ்லாமிய சட்டம் பயில்வோர் இன்றும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

(ஆ) அல்குல்லிய்யாத் – வைத்தியத்தின் பொது அடிப்படைகளைக் கூறும் நூல். கி.பி. 1255இல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டது.

(இ) அரிஸ்டோட்டில் உரைகள் – சிறிய, நடுத்தர, பெரிய என மூவகை. பெரிய உரைகள் ஐந்து நூல்களுக்கு எழுதப்பட்டன. இவர் கிரேக்க மொழி அறியாதவர். அரபு மொழிபெயர்ப்புகளைக் கொண்டே இப்பணியைச் செய்தார்.

(ஈ) பஸ்லுல் மகால் – மார்க்கத்துக்கும் மெய்யியலுக்கும் இடையிலான தொடர்பைக் கூறும் நூல்.

(உ) தஹாபதுத் தஹாபுத் – இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தஹாபதுல் பலாஸிபா நூலுக்கு எழுதிய மறுப்பு.

6. பிரதான கருத்துகள்

மார்க்கமும் மெய்யியலும்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மெய்யியலாளரின் 20 கருத்துகளை விமர்சித்தார். அவற்றுள் மூன்று இறைநிராகரிப்பு எனத் தீர்ப்பளித்தார். உலகம் ஆதியற்றது என்பது ஒன்று. இறைவன் பொதுவானவற்றை மட்டுமே அறிகிறான், தனித்தனி விடயங்களை அறிவதில்லை என்பது மற்றொன்று. உடல்கள் மீள எழுப்பப்படமாட்டா என்பது மூன்றாவது. கி.பி. 1111இல் இமாம் மறைந்து 15 ஆண்டுகளின் பின்னரே இப்னு ருஷ்த் பிறந்தார். எனவே இது நேரில் நடந்த விவாதமன்று. நூல்களின் வழியே நடந்த விவாதமாகும்.

இப்னு ருஷ்தின் வாதம் ஒரு காழியின் வாதமாகவே அமைந்தது. மெய்யியல் கற்பது ஷரீஆவில் விலக்கப்பட்டதா, அனுமதிக்கப்பட்டதா, கடமையா என அவர் வினாவை எழுப்பினார். படைப்புகளைச் சிந்தித்துப் படைத்தவனை அறியுமாறு அல்குர்ஆன் ஏவுகின்றது. ஆகவே ஆற்றலுடையோருக்கு அது கடமை என முடிவு செய்தார். ஓர் உண்மை இன்னோர் உண்மைக்கு முரணாகாது. வேத வசனத்தின் வெளிப்பொருள் உறுதியான அறிவு நிரூபணத்துடன் முரண்படுவதாகத் தோன்றினால், அறிஞர் அதற்கு உட்பொருள் காண வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

மூவகை மக்கள்: மக்கள் சொற்பொழிவினால் ஏற்போர், விவாதத்தினால் ஏற்போர், நிரூபணத்தினால் ஏற்போர் என மூவகையினர் எனவும், உட்பொருள் விளக்கங்களைப் பொதுமக்கள் முன் வைப்பது குழப்பத்தையே தரும் எனவும் கருதினார்.

அரசியல்: அரிஸ்டோட்டிலின் அரசியல் நூல் கிடைக்காமையால் பிளேட்டோவின் குடியரசு நூலுக்கு விளக்கம் எழுதினார். இதன் அரபு மூலம் இன்று இல்லை. எபிரேய மொழிபெயர்ப்பே எஞ்சியுள்ளது. பெண்களும் மெய்யியலாளராக, ஆட்சியாளராக ஆகக்கூடியவர்களே என இதில் கூறுகின்றார். அவர்களது ஆற்றல் பயன்படுத்தப்படாமை தம் காலத்து நகரங்களின் வறுமைக்கு ஒரு காரணம் எனவும் சுட்டிக்காட்டுகின்றார்.

7. வீழ்ச்சியும் மரணமும்

கி.பி. 1184இல் கலீபா அபூ யஃகூப் இறக்க, மகன் அல்மன்சூர் பதவியேற்றார். அவரும் முதலில் இப்னு ருஷ்தை மதித்தார். கி.பி. 1195இல் காஸ்டிலிய மன்னனுக்கு எதிராகப் பெரும் போர் நடந்தது. அதே ஆண்டில் இப்னு ருஷ்தின் கொள்கைகள் கண்டிக்கப்பட்டன. குர்துபாவுக்கு அருகிலுள்ள லூஸேனா என்ற சிற்றூருக்கு அவர் நாடு கடத்தப்பட்டார். மெய்யியல் நூல்களை எரிக்குமாறு கட்டளை பிறந்தது. மகனுடன் தொழச் சென்ற பள்ளிவாசலிலிருந்து பாமரர் சிலர் அவரை விரட்டிய நிகழ்ச்சியே எல்லாவற்றையும்விட அவரை வருத்தியதாகக் கூறப்படுகின்றது. காழியாக இருந்த நகரில், 70 வயதை நெருங்கும் வேளையில் நேர்ந்த அவமானம் அது.

கண்டனத்துக்கான காரணம் பற்றிப் பல கருத்துகள் உண்டு. போர்க் காலத்தில் சட்ட அறிஞர்களினதும் மக்களினதும் ஆதரவு கலீபாவுக்குத் தேவைப்பட்டது என்பதே பல ஆய்வாளர் கூறும் விளக்கமாகும். பின்னர் கலீபா மனம் மாறி அவரை மீண்டும் மராகிஷுக்கு அழைத்தார். அங்கேயே கி.பி. 1198 டிசம்பரில் அவர் காலமானார். சில மாதங்களின் பின் உடல் குர்துபாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பாரம் தரிக்கும் விலங்கின் ஒருபுறம் ஜனாஸாவும், மறுபுறம் எடையைச் சமப்படுத்த அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாக ஸூபி அறிஞர் இப்னு அரபி பதிவு செய்துள்ளார்.

8. செல்வாக்கு

13ஆம் நூற்றாண்டில் இவரது உரைகள் இலத்தீன், எபிரேய மொழிகளுக்குச் சென்றன. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் உரையாசிரியர் என்று சொன்னாலே அது இவரைக் குறித்தது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. கி.பி. 1270இலும் 1277இலும் பரிஸ் ஆயர் இவரது செல்வாக்கால் பரவிய பல கருத்துகளைக் கண்டித்தார். தோமஸ் அக்குவைனஸ் இவரை மறுத்தும் எழுதினார். இவரிடமிருந்து கற்றும் கொண்டார். இத்தாலிய ஓவியர் ரபேல் தமது ஏதென்ஸ் கல்விக்கூடம் ஓவியத்தில் இவரையும் வரைந்துள்ளார்.

மாணவர் கவனத்திற்கு

• இவரை மார்க்கத்தை எதிர்த்தவர் என எழுதுவது பிழை. இவர் இறுதிவரை மாலிக்கி மத்ஹபின் அறிஞரே.
• மார்க்கத்துக்கு ஓர் உண்மை, மெய்யியலுக்கு வேறோர் உண்மை என இவர் கூறியதாக எழுத வேண்டாம். உண்மை ஒன்றே என்பதுதான் இவரது கொள்கை.
• நூல்களை எரிக்கக் கட்டளையிட்டதும் அரசு. அந்நூல்கள் எழுத ஊக்கமளித்ததும் அதே வம்சத்தின் அரசு. இவ்விரண்டையும் சேர்த்து எழுதும் விடையே முழுமையான விடையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. இப்னு ருஷ்த் வகித்த பதவிகள் மூன்றைக் குறிப்பிடுக.
2. பிதாயதுல் முஜ்தஹித் நூலின் சிறப்பு யாது?
3. மெய்யியல் கற்பது பற்றிய இவரது வாதத்தை விளக்குக.
4. கி.பி. 1195இல் இவர் தண்டிக்கப்பட்டமைக்கான அரசியல் பின்னணியை ஆராய்க.