காத்திருந்து புறப்பட்ட கூலியாள்

பிள்ளைகள் ஆளாகி, உத்தியோகத்திலிருந்து ஓய்வும் கிடைத்தபின், எஞ்சிய காலத்தை அயல்நாடொன்றில் எளியோருக்காகச் செலவிட வேண்டுமென்ற ஆவல் பெரியோர் சிலரின் உள்ளத்தில் எழுவதுண்டு. மாளிகாவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம் குடும்பங்களுக்கும் இது புதிதன்று. கடவுச்சீட்டு விரைவில் கைக்கு வந்துவிடும். உள்ளத்தை ஆயத்தம் செய்வது எங்ஙனம்? நம் தீவின் திருத்தூதராகிய புனித யோசவ் வாஸ் அடிகளாரின் வாழ்வு இதற்கு வழிகாட்டுகின்றது.

1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனோலிமில் பிறந்த அவர், 1676இல் குருவானார். மறு ஆண்டிலேயே அன்னை மரியாளின் அடிமையாகத் தம்மை எழுத்துமூலம் கையளித்தார். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின், இலங்கைக் கத்தோலிக்கர் குருக்களின்றித் தவித்தனர். திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இல்லாத அவர்களது நிலையை அறிந்த அடிகளார், அங்கு செல்லத் தம்மை அளித்தார்.

ஆயினும் 1681இல் அவரை மேலதிகாரிகள் அனுப்பியது கன்னடக் கரைக்கே. அவர் முணுமுணுக்கவில்லை. மூன்றாண்டுகள் அங்கு சிதறிக் கிடந்த மந்தையைத் தேடிச் சென்று பேணினார். 1684இல் கோவா திரும்பி, அடுத்த ஆண்டு குருக்கள் குழுவொன்றில் இணைந்து அதன் தலைவரானார். நன்மதிப்பும் பொறுப்பும் நிறைந்த அந்நிலையிலும் இலங்கை அவர் நினைவை விட்டு அகலவில்லை. 1686இல் தலைமைப் பதவியைத் துறந்து, ஊழியர் ஒருவருடன் புறப்பட்டார்.

தென்னிந்தியக் கரையோரமாகத் தூத்துக்குடியை அடைந்து, 1687இல் கூலியாளின் கோலத்தில் கடல் கடந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 36. அக்காலத்தில் அது இளமை கடந்த பருவமே. பத்தாண்டுகளுக்கு முன் அடிமையென எழுதிக் கொடுத்தவர், இப்போது அடிமைக்குரிய உடையையே அணிந்துகொண்டார். யாழ்ப்பாணத்தில் கடும் வயிற்றுளைவால் வாடினார். குணமடைந்தபின், கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சையேற்று, அதைக் கண்டு முகம் மலர்ந்தோரிடம் மட்டும் தம்மை வெளிப்படுத்தினார். தமிழும் பின்னர் சிங்களமும் கற்று, மக்களின் மொழியிலேயே மறையுரைத்தார்.

1692இல் கண்டியில் போர்த்துக்கேய உளவாளியென ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். 1697இல் அதே நகரைப் பெரியம்மை தாக்கியபோது, உறவினரும் கைவிட்ட நோயாளரைத் தேடிப் பராமரித்தார். கொழும்பிலும் மறைவாக வந்து அருளடையாளங்களை வழங்கினார். தாயகம் திரும்பாமலேயே, 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்புக்குரியவர்களே, காத்திருந்த ஆண்டுகள் அடிகளாருக்கு வீணாகவில்லை. கன்னடக் கரையில் அந்நியருடன் வாழப் பழகினார். தலைமையை விட்டிறங்கியபோது, சிறையிலும் தெருவிலும் தாழ்ந்து நிற்கத் தகுதி பெற்றார். பிந்திய வயதில் தொண்டு செய்யப் புறப்படுவோரும் செல்லும் நாட்டின் மொழியை இன்றே கற்கத் தொடங்கலாம். உடல்நலத்தை மருத்துவரிடம் ஒளிவின்றிச் சோதித்து அறியலாம். நாற்பதாண்டு அதிகாரியாய் இருந்தவர், தம்மிலும் இளையவரின் சொற்கேட்டு நடக்கப் பங்கிலேயே பழகலாம். அண்டை வீட்டு நோயாளியைப் பராமரிக்கும் கைகளே அயல்நாட்டு நோயாளியையும் தாங்கும். புறப்படும் நாள் தாமதித்தால் மனம் தளர வேண்டாம். அந்தத் தாமதத்தையே ஆண்டவர் நமக்குப் பயிற்சிக்களமாக்குவார்.

புனித யோசவ் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.