அசையும் உறுப்பில்லாப் பம்பைத் தந்த ஹென்றி ஜிஃபார்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பம்பு என்றதும் பிஸ்டனும் சுழலும் சக்கரமும் நம் நினைவிற்கு வருகின்றன. இவை எதுவுமின்றிச் சில கூம்புக் குழல்களைக் கொண்டே கொதிகலனுக்கு நீர் ஏற்றிக் காட்டியவர், பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி ஜிஃபார்.

அவர் 1825 பிப்ரவரி 8 அன்று பாரிசில் பிறந்தார். இளமையிலேயே இரயில்வேயில் பணிக்குச் சேர்ந்தார். 1852 செப்டம்பர் 24 அன்று, 3 குதிரைத்திறனுள்ள நீராவி எந்திரம் பூட்டிய ஆகாயக் கப்பலில் ஏறிப் பாரிசிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பறந்தார். எந்திர ஆற்றலால் மனிதன் பறந்தது அதுவே முதன்முறை.

எனினும் அவருக்குச் செல்வம் சேர்த்தது, 1858-இல் காப்புரிமை பெற்ற இன்ஜெக்டர்தான். அந்நாளில் இரயில் எஞ்சினுக்கு நீரூட்டும் பம்பு, சக்கரம் ஓடினால்தான் இயங்கும். வண்டி நின்றால் நீர்வரத்தும் நிற்கும். நீர் குறைந்தால் கொதிகலன் வெடித்து, ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து நேரும்.

ஜிஃபாரின் கருவியில், நீராவி ஒடுங்கிய குழல்முனை வழியே பெருவேகத்துடன் பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைவதால் தொட்டி நீர் உள்ளிழுக்கப்படுகிறது. குளிர்ந்த நீர் பட்டதும் நீராவி நீராகிச் சுருங்கி, தன் வேகத்தை அதற்கு ஊட்டுகிறது. பின்பு, விரியும் கூம்பில் அவ்வேகம் அழுத்தமாக மாறி, கொதிகலனின் வால்வைத் தள்ளித் திறக்கிறது.

கொதிகலனின் நீராவியே அக்கொதிகலனை வெல்வது எப்படி? ஒரே அழுத்தத்தில் நீரைவிட நீராவி பன்மடங்கு வேகம் பெறும் என்பதே விடை. அதன் வெப்பத்தில் சிறு பகுதியே இயக்க ஆற்றலாகிறது; எஞ்சியது பெரும்பாலும் நீரைச் சூடாக்கிக் கொதிகலனுக்கே திரும்புகிறது.

கருவியின் அளவைக் கணக்கிடுவதும் நம் பாடந்தான். 8 பார் அழுத்தத்தை எதிர்த்து நுழைய, நீர்த்தாரைக்கு வினாடிக்கு 40 மீட்டர் வேகமேனும் வேண்டும். உராய்வை ஈடுசெய்யச் சற்றுக் கூடுதலாக வேண்டும். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கழுத்தில், 40 மீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர் செல்லும். விட்டத்தை இரட்டித்தால் நீர் நான்கு மடங்காகும். தொட்டி நீர் மிகச் சூடானால் நீராவி சுருங்காது, கருவி நின்றுவிடும். நம் ஊர்க் கிணறுகளில் உள்ள ஜெட் பம்பும் இவ்வினத்ததே. அதில் நீராவிக்குப் பதில் நீரே தாரையாகப் பாய்கிறது.

பிற்காலத்தில் ஜிஃபாரின் பார்வை மங்கியது. அத்துயரில் 1882 ஏப்ரலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தம் செல்வத்தை அறிவியல் பணிக்கும் மனிதநலப் பணிக்குமாக நாட்டிற்கு எழுதிவைத்தார். ஈபெல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பட்டறையிலும் அறிவியல் வளரும் என்ற நம்பிக்கையை இவ்வாழ்வு எனக்குத் தந்தது. அதன் முடிவோ என்னை வருத்துகிறது. நண்பர்களே, அவர் கருவியைக் கற்கும் நாம், மனம் சோர்ந்த தோழன் அருகே சற்று அமரவும் கற்றுக்கொள்வோம்.