மலையுச்சிச் செடிகளின் பேராசிரியர்

தாவரவியல் மாணவனாகிய எனக்குக் கொடைக்கானல் என்றதும் ஏரிக்கு முன்னே நினைவுக்கு வருபவர் பி. எஃப். ஃபைசன். 1877-இல் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். படங்கள் பலவற்றை வரைந்தவர்கள் அவர் மனைவியும் பூர்ன் சீமாட்டியும். இதை நாம் மறந்துவிடுகிறோம்.

அப்புல்வெளிச் செடிகள் தை, மாசியில் இரவு உறைபனியையும் பகல் வறட்சியையும் தாங்குபவை. அனஃபாலிஸ் செடி வெண்பஞ்சு போன்ற உரோமத்தால் இலையைப் போர்த்தி நீராவிப்போக்கைக் குறைக்கிறது. வேறு சில, தண்டை மண்ணுக்குள் ஒளித்து மழைக்குக் காத்திருக்கின்றன.

ஃபைசன் 1947-இல் மறைந்தார். 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வாட்டில், பைன் மரங்கள் மூடிக்கொண்டன. வறட்சிக்கு அஞ்சாத செடிகள் மரநிழலில் மடிந்தன. புல்வெளியை மீட்க முனைவோர், அங்கே முன்பு என்ன இருந்தது என்றறிய அவர் நூலைப் புரட்டலாம்.